சக்கரத்துக்குப் பால் ஊற்றியவன்

போன மாதம் எங்கள் பட்டறைக்கு வெள்ளையடித்தார்கள். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் வாயில் "எங்கள் பட்டறை" என்றுதான் வருகிறது. இப்போது அங்கே சக்கரம் பார்க்கும் ரேவதி, சுவரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு உடனே போனும் போட்டாள்.

"செல்லையாண்ணே, கம்ப்ரசருக்கு மேல 'மருந்து'ன்னு பெருசா எழுதியிருக்கே, அதை அழிச்சிரலாமா? வர்றவங்க எல்லாம் இது மெடிக்கல் கடையான்னு கேக்குறாங்க."

"அதை மட்டும் விட்டுட்டு அடிக்கச் சொல்லும்மா."

"ஏண்ணே, சாமி எழுத்தா?"

சாமி எழுத்தில்லை. பட்டறைப் பொறுப்பாளராக இருந்த பெனடிக்ட் சார் எழுதியது. எழுத வைத்தவன் நான். அதைப் போனில் சொல்லி முடியாது தாயி, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. டயர் மாட்டுவது இதைவிட லேசு.

என் காலத்தில் பாதிக்கு மேல் போடியில் ஜீப்பு டயருக்குப் பஞ்சர் ஒட்டியே கழிந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்கும் ஜீப்புகள் மாற்றி மாற்றி என் முன்னால் வந்து நிற்கும். டயரைக் கழற்றி, ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேய்த்து ஒட்டுவேன். குமிழி எங்கே வருகிறதோ அங்கேதான் ஓட்டை. அதில் சந்தேகமே கிடையாது. அந்தத் தெனாவட்டில் இருந்தபோதுதான், மலையில் சைக்கிள் ஓட்டக் கூட்டிப்போகும் கம்பெனி ஒன்று போடியில் பட்டறை போட்டு, டயர் தெரிந்த ஆள் வேண்டும் என்றது. சைக்கிள்தானே என்று போய்ச் சேர்ந்தேன்.

குரங்கணிக்கு மேலே ஜீப்புப் பாதை முழுக்கக் காரைமுள். கீழே இறங்கினால் கருவேல முள். இதுபோக, இறக்கத்தில் வேகமாக வந்து கல்லில் மோதினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். வெளியூரிலிருந்து ஆசையாக வருகிறவர்கள் பாதி நாள் பாதையோரத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதனால் ட்யூபையே எடுத்துவிட்டு, டயரையும் ரிம்மையும் மட்டும் வைத்துக் காற்றை நிறுத்துவது என்று கம்பெனி முடிவு செய்தது. முள் குத்தினால்? உள்ளே ஒரு ரப்பர்க் கரைசல் ஊற்றி வைத்தால், ஓட்டை விழுந்த இடத்தில் அதுவே கசிந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். எனக்கு அந்த வேலையைப் பழக்கியவர் பெனடிக்ட் சார்.

கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்த கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பி எல்லாம் கடையில் உட்கார, இவர் மட்டும் சைக்கிளுக்கு வந்துவிட்டார். ஆனாலும் கை மறக்கவில்லை. ஏலக்காயை உள்ளங்கையில் வைத்துக் காதோரம் குலுக்கிப் பார்ப்பார்களே, அதே மாதிரி சக்கரத்தைக் காதோரம் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளே கரைசல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். திட்டவே மாட்டார். வேலை சரியில்லை என்றால் சக்கரத்தை நம் முன்னால் மெதுவாக வைத்து, "மறுபடி" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு, ஜீப்புக்காரர்கள் என்னைத் திட்டிய திட்டெல்லாம் எவ்வளவோ மேல்.

வேலை இதுதான். டயர், ட்யூப், உள்ளே ஓடும் ரப்பர்ப் பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரிம்மின் உள்பள்ளத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு ஸ்போக் கம்பி ஓட்டைகள் எல்லாம் மூடும்படி டேப்பைச் சுருக்கம் விழாமல் இழுத்துச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கு மேல் ஒரு சாண் ஏற்றி முடிக்க வேண்டும். வால்வுக்குக் கத்தியால் கீறினால் டேப்பு கிழிந்துகொண்டே போகும். கம்பி முனையைச் சூடு காட்டிக் குத்தினால் ஓரம் உருகி வட்டமாக நிற்கும். வால்வைக் கையால்தான் முறுக்க வேண்டும், குறடு ஆகாது. டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரசர் காற்றை ஒரே மூச்சாக விட்டால் டயர் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரும். ஒரு பக்கத்துக்கு ஒரு 'டப்', மறுபக்கத்துக்கு இன்னொரு 'டப்'. இரண்டும் கேட்க வேண்டும். அப்புறம் காற்றை இறக்கி, வால்வின் நடு ஊசியைக் கழற்றி, அந்த வழியாகக் கரைசலை ஏற்றி, திரும்பவும் காற்றடித்து, சக்கரத்தைச் சுளகில் புடைக்கிற மாதிரி எல்லாப் பக்கமும் ஆட்டி, ஒரு வாளி மேல் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் படுக்கப்போட வேண்டும்.

முதல் சக்கரத்தில் நான் ஒரு 'டப்' சத்தத்தோடு திருப்தியாகிக் கரைசலை ஏற்றிவிட்டேன். காற்றடித்ததும் மற்றப் பக்கம் பிய்த்துக்கொண்டு, பெனடிக்ட் சாரின் இஸ்திரி போட்ட சட்டை முழுக்க வெள்ளை. அவர் மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு, "மறுபடி" என்றார்.

அந்தக் கரைசலுக்குப் பால் என்று பேர் வைத்தது நான்தான். புட்டியில் இருந்த இங்கிலீசுப் பேர் என் வாயில் நுழையவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் ரப்பர் மரம்தானே, பார்க்க அப்படியே ரப்பர் பால் மாதிரி இருந்தது. சார் ஒருநாள் சொன்னார்.

"செல்லையா, அந்தப் பேரு வேணாமே."

"ஏன் சார், பால் மாதிரித்தான இருக்கு?"

"வேலை முடிஞ்சா என்னன்னு சொல்லுவீங்க?"

"பால் ஊத்தியாச்சுன்னு சொல்லுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. சாவு வீட்டில் மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்ச் செய்கிற காரியத்துக்கு நம்மூரில் வேறென்ன பேர்? சிரித்துவிட்டு, "சக்கரத்துக்கு ஏது சார் சாவு" என்றேன். வேதக்காரருக்கு உறுத்தியது எனக்கு உறுத்தவில்லை. பட்டறை முழுக்க அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

தவசியோடு அங்கேதான் பழகினேன். மலைப் பாதையில் ஆட்களை முன்னால் சைக்கிள் ஓட்டிக் கூட்டிப்போகிறவர்களில் அவன் ஒருவன். குரங்கணிக்கு மேலே கம்பெனியின் கூடாரத்திலேயே தங்குவான். அவன் அப்பா குருசாமி அண்ணன், பொட்டிபுரம் பக்கம் தோட்டம் வைத்து நன்றாக விவசாயம் செய்த மனிதர், வீடு போடியில். ஒற்றை மகன் மண்வெட்டியை விட்டுச் சைக்கிளைப் பிடித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். தவசி மடியில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"வெளியூர்க்காரன் சைக்கிள் விட்டு வெளையாடுறான், அவனுக்கு முன்னாடி மணியடிச்சுக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு சோலியாடா? நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"செத்துப்போயிட்டான்னு சொல்லிருங்க."

"அப்ப எனக்கு நீயும் இல்ல."

"இல்லதான். நீங்க செத்தாக்கூடப் பால் ஊத்த வரமாட்டேன்."

என் காது கேட்கச் சொன்னான். குருசாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வருடம் அவருக்கு வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போயிற்று. அப்போதும் தவசி வீட்டுக்குப் போகவில்லை. மாதாமாதம் மருந்து வாங்கி யாரிடமாவது கொடுத்துவிடுவான், வாசற்படி மிதிக்க மாட்டான். நான் இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்தேன். "சொன்ன சொல்லு சொன்னதுதாண்ணே" என்பான். எனக்கு அவன் மேல் கோபம்கூட உண்டு. அவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார், இவன் வீம்பு பிடிக்கிறான்.

அந்த வருடம் சீசன் தொடங்கும் முன்னால், ட்யூப் உள்ள சக்கரத்தோடு யாரும் ஆள் கூட்டிப்போகக் கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. தவசி சைக்கிள் சொந்தச் சைக்கிள், யாரோ ஓட்டித் தள்ளிவிட்டுப்போன பழசு. சக்கரம் இரண்டையும் கழற்றி ஜீப்பில் எனக்கு அனுப்பியிருந்தான். முன்சக்கரம் சொன்னபடி கேட்டது. பின்சக்கரம் இரண்டு நாள் என் உயிரை வாங்கியது.

காற்றடித்தால் ஏறும், இரண்டு 'டப்'பும் கேட்கும், ஒரு மணி நேரத்தில் சொத்தென்று இறங்கிவிடும். தண்ணீரில் அமுக்கினேன். வால்வுக்கு நேர் எதிரே கொஞ்சம் தள்ளி, ஒரு கம்பி ஓட்டையில் குமிழி வந்தது. ஜீப்பு ட்யூப் புத்தி எனக்கு. அந்த இடத்தில் டேப்பு மேல் டேப்பாக ஒட்டினேன். அடுத்த கம்பியில் குமிழி வந்தது. அங்கேயும் ஒட்டினேன். பெனடிக்ட் சார் சக்கரத்தை வாங்கிக் காதில் வைத்துச் சுற்றினார்.

"காத்து வெளிய வர்ற எடத்தையே பாக்குறீங்க செல்லையா. உள்ள நுழையிற எடம் வேற எங்கயோ இருக்கு. ரிம்முக்குள்ள ஓடிப் போயி வேற வாசல்ல வருது."

"அதை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"மறுபடி."

எல்லா டேப்பையும் உரித்தேன். சார் மேசை டிராயரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, ரிம்மின் உள்பள்ளத்தில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ரிம்மின் இரண்டு முனையும் சேரும் பொருத்தில் ஒரு நார் மாட்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. டேப்பை எத்தனை தரம் சுற்றினாலும் அது அடியிலிருந்து அறுத்துக்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சு வழுக்கிப் போகிறதா என்று நாலு தரம் பார்த்து, டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றிக் கரைசலை ஏற்றினேன். மறுநாள் காலையில் வந்து அமுக்கிப் பார்த்தால் கல்லு மாதிரி நிற்கிறது. சார் குலுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் சர்டிபிகேட்.

அந்தச் சந்தோசத்தில்தான் எனக்கு வாய் கெட்டது. அந்நேரம் பார்த்து ஜீப்புக்காரன் சன்னாசி, குரங்கணிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வாசலில் போனான். நான் ஓடிப்போய்க் கையைக் காட்டினேன்.

"சன்னாசி, மேல தவசியப் பாத்தா சொல்லிரு, பால் ஊத்தியாச்சு, வெரசா வரச் சொல்லு."

"சரிண்ணே" என்று இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திவிட்டுப் போய்விட்டான்.

சன்னாசி மேல் தப்பில்லை. நான் சொன்னதை ஒரு சொல் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தான். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்பது மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. "தவசி, போடியில பால் ஊத்தியாச்சாம், ஒன்னைய வெரசா வரச் சொன்னாங்க" என்று ஓடுகிற வண்டியிலிருந்தே சொல்லியிருக்கிறான்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் தவசி. தலை மொட்டை. மீசை இல்லை. எனக்குக் கையிலிருந்த பம்பு நழுவிவிட்டது. குருசாமி அண்ணன் போய்விட்டார், இந்தப் பயல் கடைசியில் முகம் பார்க்காமலே விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் கையைப் பிடித்தேன்.

"எப்பப்பா?"

"நீங்கதானண்ணே சொல்லிவிட்டீங்க."

"நான் என்ன சொல்லிவிட்டேன்? சக்கரம் ரெடியாயிருச்சு, பால் ஊத்தி..."

நான் திரும்பிக் கரைசல் புட்டியைப் பார்த்தேன்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்றான். "கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்காரு. எனக்குத்தான் மொட்டை விழுந்திருச்சு."

அப்புறம் தரையில் உட்கார்ந்து அவனே சொன்னான். சொல் காதில் விழுந்ததும், அப்பாவை எடுத்து எரித்து மறுநாள் பாலும் ஊற்றிவிட்டுத்தான் தனக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறான். யார் மேலும் கோபம் வரவில்லையாம். வரமாட்டேன் என்று நாலு பேர் அறியச் சொன்னவனை யார் கூப்பிடுவார்கள்? குரங்கணி வரைக்கும் நடந்தே இறங்கியிருக்கிறான். அங்கே சிக்னல் இருக்குமே, வீட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்றேன். "என்ன மொகத்த வச்சுக்கிட்டுண்ணே போடுறது" என்றான். பஸ்சைப் பிடித்துப் போடியில் இறங்கி நேரே சலூனுக்குப் போயிருக்கிறான். தலைமுடியோடு அந்த வாசற்படியில் கால் வைக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியதாம்.

வீட்டுக்குள் போய்க் குப்புற விழுந்து அழுதிருக்கிறான். அவன் அம்மா பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "யாருடா செத்தா" என்று அலறியிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால், கட்டிலில் குருசாமி அண்ணன் இடது கையில் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறார்.

"யாருக்குடா மொட்ட?" என்று குழறிக் கேட்டிருக்கிறார். இவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டானாம். "எனக்காடா?" என்றாராம். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அந்த இடது கையால் மகன் தலையைத் தடவினாராம்.

உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு மகன் மொட்டை போட்டால் ஆகுமா? பேச்சியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொள்ள, அக்கம்பக்கம் கூடிவிட்டது. அப்போது குருசாமி அண்ணன்தான் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துச் சொன்னாராம்: "பழனிக்கு நேந்துக்கிட்டது. அப்பனுக்கு நல்லாகணும்னு எடுத்த முடி. கேக்குறவங்களுக்கு அதைச் சொல்லு."

பட்டறையில் கிடந்த சக்கரமும் நான் வைத்த பேரும் அப்புறம்தான் நினைவுக்கு வந்து, நேரே என்னிடம் வந்திருக்கிறான். தவசி சொல்லி முடித்தபோது பெனடிக்ட் சார் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பிரஷை எடுத்துக் கறுப்புப் பெயிண்டில் தோய்த்து, கம்ப்ரசருக்கு மேல் சுவரில் 'மருந்து' என்று எழுதினார். "இனிமே இதுதான் பேரு" என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு, "வாங்க செல்லையா, அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றார்.

போகும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மகன் அந்தத் தகப்பனிடம் பால் ஊற்ற வரமாட்டேன் என்று சொன்னதை நேரில் கேட்டவன் நான். போடியில் யார் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் மன்னிக்கலாம், நான் சொல்லலாமா? கட்டில் பக்கத்தில் நின்று, "அண்ணே, என் வாய்தான் காரணம்" என்றேன். நடந்ததை சார் பொறுமையாக விளக்கிச் சொன்னார். குருசாமி அண்ணனுக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது.

"சக்கரத்துக்கா ஊத்துன? சக்கரம் செத்துப்போச்சாக்கும்?"

பேச்சியம்மாள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். "நீங்க சக்கரத்துல ஊத்துனீங்களோ என்னத்துல ஊத்துனீங்களோ, என் வயித்துல பால வாத்துட்டீங்கண்ணே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு மழைக்காலம் இருந்தார். தவசி வாரம் தவறாமல் சைக்கிளில் மலையிறங்கி வீட்டுக்கு வருவான். கட்டிலுக்குப் பக்கத்திலேயே சைக்கிளைச் சாய்த்து வைக்கச் சொல்லி, குருசாமி அண்ணன் இடது கைக் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பாராம். "காத்து இருக்கு" என்று சொன்ன பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு. நான் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அந்தச் சக்கரங்களைப் பிரித்து, காய்ந்துபோனதைச் சுரண்டி எடுத்துவிட்டு மருந்து ஊற்றிக் கொடுப்பேன். மருந்து என்றுதான் சொல்வேன்.

ஒருநாள் காலையில் பேச்சியம்மாள் பட்டறைக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறதாம்.

"தவசிக்குச் சொல்லணும்ணே. நீங்களே நேர்ல போயிச் சொல்லுங்க. வேற யாரு வாயாலயும் வேணாம்."

சன்னாசி ஜீப்பில் ஏறினேன். அத்தனை வருட வேலையில் கூடாரம் வரைக்கும் நான் போனதே இல்லை, சக்கரம்தான் என்னிடம் வரும். தவசி தனியாக உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஜீப்பிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கிட்டே போனேன். அவனே கேட்டான்.

"அண்ணே, மருந்தா, பாலா?"

"பால்தான்ப்பா. இன்னும் ஊத்தல. நீ வந்து ஊத்தத்தான் காத்துக்கிட்டிருக்காரு."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். ஜீப்பில் ஏறு என்றேன். "ஜீப்பு உருண்டு வர்றதுக்குள்ள நான் போயிருவேண்ணே" என்று சைக்கிளை எடுத்தான். முதல் வளைவில் அவன் முதுகைப் பார்த்தேன், அவ்வளவுதான். பாதையோரமெல்லாம் காரைமுள். சன்னாசி கல்லுக்குக் கல் வண்டியை ஏற்றி இறக்கிக்கொண்டு வர, வழியில் எங்கேயாவது அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கேயும் நிற்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. தவசி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் தம்ளரும் கரண்டியும். குருசாமி அண்ணனின் கண் மூடியிருந்தது.

"குடிச்சாருண்ணே" என்றான். "ரெண்டு கரண்டி. மூணாவது இறங்கல."

அழுகைச் சத்தம் எழுந்தது. நான் வெளியே வந்தேன். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. பின்சக்கரத்தில் ஒரு காரைமுள் அடிவரைக்கும் ஏறியிருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு சொட்டு கசிந்து உறைந்திருந்தது. குருசாமி அண்ணன் பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தேன். காற்று இருந்தது. முள்ளைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.